இண்டைக்கு இல்லை

சிவப்பும் வெள்ளையும் பூசிய அந்த இரும்புக் கம்பைத் தூக்கினால் வாகனம் உள்ளே போகலாம், இறக்கினால் போகமுடியாது. அலுவலகக் கோப்பில் அதற்கு ஓர் இலக்கம் உண்டு. அங்கே காவலுக்கு நிற்கிறவர் மட்டும்தான் அதைப் படலை என்பார், ஏதோ தன் வீட்டு வேலிக்குத் தானே கட்டிவைத்த படலை மாதிரி. "பிள்ளை, படலையடியில ஒரு வெள்ளை வான் நிக்குது. காயிதம் ஏதும் வந்ததோ?" என்று காலையில் தொலைபேசியில் கேட்பார். நான் கோப்பைப் பார்த்து, வரவில்லை என்பேன். "சரி, நான் கதைக்கிறன்" என்று வைத்துவிடுவார்.

அவர் என்ன கதைத்தார் என்பதால்தான் எல்லாம் வந்தது.

படலைக்கு அந்தப் பக்கம் பாலைவனம். ஜெர்மனியில் பாலைவனமா என்று வுப்பர்டாலில் இருக்கிற என் சொந்தக்காரர்கள் இன்னமும் சிரிக்கிறார்கள். லைப்சிக்கிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் பைன் காடு வரும். அந்தக் காட்டுக்கு நடுவில் மரமே இல்லாத ஒரு மணல்வெளி. ஒரு காலத்தில் அந்நிய இராணுவம் வருடக்கணக்காக டாங்கி ஓட்டிப் பழகி, புல்லும் வேரும் மிஞ்சாமல் அரைத்துவிட்டுப் போன நிலம். அவர்கள் போனபிறகு கொண்டலாத்திப் பறவை வந்து குடியேறியது, ஓநாய் வந்தது, கடைசியாக அரசாங்கம் வந்து பாதுகாக்கப்பட்ட பூங்கா என்று பலகை நட்டது. மணலுக்குக் கீழே வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. ஆகவே வாகனம் உள்ளே போக விசேட அனுமதி வேண்டும். வனத்துறை, குண்டு அகற்றுகிறவர்கள், பறவை ஆராய்ச்சிக்காரர், ஓகஸ்டில் தேனீப் பெட்டி கொண்டுவருகிறவர்கள், அவ்வளவுதான். மற்ற எல்லோரும் வாகனத்தை வெளியே விட்டுவிட்டு, கயிறு கட்டிய பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்து மணல்மேட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

நடப்பதற்கு யார் வருகிறார்கள்? பாலைவனம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு அதற்குள் ஜீப் ஓட்டவேண்டும். ஓட்டுவதைப் படம் பிடிக்கவேண்டும். அனுமதி விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். நான் மறுத்துக் கடிதம் எழுதுவேன். கடிதம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் நேரே படலைக்கு வருவார்கள். அங்கே அவர் நிற்பார்.

கட்டையான மனிதர். கோடையிலும் கழுத்தில் மஃப்ளர். முப்பது வருடத்துக்கு முன்னர் அகதியாக வந்தபோது இந்த மாவட்டத்து விடுதியில் கொண்டுவந்து விட்டார்களாம். கூட வந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோரும் விசா கிடைத்த கையோடு கொலோனுக்கும் வுப்பர்டாலுக்கும் போய்விட்டார்கள். இவர் மட்டும் நின்றுவிட்டார். ஏன் நின்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஒருத்தரும் எழும்பச் சொல்லேல்லை, இருந்திட்டன்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதையும் பிடுங்க முடியாது. அந்த அலுவலகத்தில் தமிழ் பேசுகிற ஆட்கள் நாங்கள் இரண்டே பேர். என்னை விட இருபது வயது மூத்தவரை அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளை என்றார்.

அவர் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. பலகையில் தடை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கையை நீட்டி அதைக் காட்டினால் போதும். அவர் காட்டமாட்டார். வாகனத்தின் முன்னால் போய் நிற்கவும் மாட்டார். பக்கவாட்டில் நடந்து போய், கண்ணாடி இறங்கும்வரை நின்று, கொஞ்சம் குனிந்து, 'ஹொய்ட நிஹ்ட்' என்பார். இன்றைக்கு இல்லை.

ஒருமுறை வெள்ளை ஜீப்பில் கல்யாணச் சோடி ஒன்று வந்தது. பெண்ணின் கவுன் பின் இருக்கை முழுவதும் பரந்து கிடந்தது. படம் எடுக்கிறவர் கூரையைத் திறந்து எழுந்து நின்றார். இவர் குனிந்து, ஹொய்ட நிஹ்ட் என்றார். மாப்பிள்ளை, எங்களுக்கு இன்றைக்குத்தானே கல்யாணம் என்றான். அதில் நியாயம் இருந்தது. இவர் யோசித்துவிட்டுத் தன் குடிலுக்குள் போய் ஒரு சோடி ரப்பர் சப்பாத்துக் கொண்டுவந்து பெண்ணின் காலடியில் வைத்தார். அவள் சிரித்துக்கொண்டு அதை மாட்டி, கவுனைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனாள். பிறகு நன்றி அட்டை வந்தது. அந்தச் சப்பாத்தை அவர் கழுவவில்லை, மணலோடேயே வைத்திருந்தார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு போகமாட்டார்கள். ஒருநாள் எனக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். நான்கு வெவ்வேறு நாட்களில் தான் வந்ததாகவும், நான்கு நாளும் இன்றைக்கு இல்லை என்று சொல்லப்பட்டதாகவும், ஆகவே எந்த நாளில் சாத்தியம் என்பதை எழுத்தில் அறியத்தருமாறும் கேட்டிருந்தார். நான்கு வருகைகளையும் நேரத்தோடு இலக்கமிட்டிருந்தார். வாசித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு களைப்பு வந்தது. அப்படியான கடிதங்கள் அந்த வருடம் வந்துகொண்டே இருந்தன, பதில் எழுதுவது நான்.

பூங்காவின் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் நண்பர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று கேட்டார். ஒரே நாட்டில் பிறந்ததால் நான் அவருக்குப் பொறுப்பு. நானும் பெரிய ஆள் மாதிரி விளக்கம் சொன்னேன். எங்கள் ஆட்கள் படலைக்கு வந்தவரிடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், போய்ப் பிறகு வாருங்கள் என்பார்கள், கேட்கிறவருக்கும் அது இல்லைதான் என்று விளங்கும், பேசாமல் போய்விடுவார், அது எங்கள் பண்பாடு என்றேன். பொறுப்பாளர் பண்பாடு என்ற சொல்லைக் கேட்டால் மெதுவாகத் தலையாட்டுகிற மனிதர். ஆட்டினார். பிறகு, "இல்லை என்பதற்கு நைன், ஒரே ஒரு அசை. படிப்பது கஷ்டமில்லை. நீங்கள் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

எனக்கு அந்த விளக்கத்தில் சந்தேகமே இருக்கவில்லை. நான் அதற்குள் வளர்ந்தவள். பத்து வயதில் வுப்பர்டாலுக்கு வந்த புதிதில், தூசு உறிஞ்சும் மெஷின் விற்கிறவர் ஒருவர் கதவைத் தட்டினார். அம்மா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் மரியாதையாக, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அடுத்தநாள் பத்து மணிக்கு அவர் மெஷினோடு வந்து நின்றார். அம்மா மறுபடி நாளைக்கு என்றார். மூன்றாம் நாள் அம்மாவும் நானும் தங்கச்சியும் சோபாவுக்குப் பின்னால் மூச்சுக்காட்டாமல் இருந்தோம். அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன், பெரியவளானால் இல்லை என்பதை இல்லை என்றே சொல்லவேண்டும் என்று.

அண்ணையிடம் போய்ப் பொறுப்பாளர் சொன்னதைச் சொன்னேன்.

"நைன் எனக்குத் தெரியும் பிள்ளை."

"அப்ப ஏன் சொல்லுறியள் இல்லை?"

"சொன்னால் பிறகு அந்தாள் ஏன் திரும்பி வரப்போகுது?"

"வரக்கூடாது எண்டுதானே அண்ணை சொல்லச் சொல்லுகினம்."

அவர் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

இனி அந்த மனுசியைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பது வயது தாண்டியவர். பூங்கா வேலிக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தார். சின்னச் சிவப்புக் கார், பின் இருக்கையில் மடித்துவைத்த தள்ளுநடை வண்டி. அதை வைத்து வீட்டுக்குள் நடக்கலாம், மணலில் அதன் சில்லுப் புதைந்துவிடும். அவரும் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தார். காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். 'நான் கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த நாள் தொடக்கம், இராணுவம் போகும் நாள் வரை, என் அலமாரியில் கோப்பைகள் அதிர்ந்துகொண்டே இருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதை ஒருமுறை பார்க்க விரும்புகிறேன்.' அவ்வளவுதான்.

சட்டத்தில் கோப்பைகளுக்கு இடமில்லை. மறுப்புக் கடிதத்தை நானே அச்சடித்து, நானே உறையில் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் செவ்வாய்க்கிழமை தோறும் படலைக்கு வந்தார். செவ்வாயில் அவருக்குப் பக்கத்து நகரத்தில் கால் வைத்தியம், திரும்புகிற வழி. பனி உருகத் தொடங்கியதிலிருந்து ஒரு செவ்வாய் தவறவில்லை. காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவார். அண்ணை போய்க் குனிவார். ஹொய்ட நிஹ்ட். "நல்லது, இன்றைக்கு இல்லை" என்று அவரும் சொல்வார். பிறகு இரண்டு பேரும் ஐந்து நிமிடம் எதையாவது பேசுவார்கள். இவர் தேத்தண்ணி கொடுப்பார். அவர் காரைப் பின்னுக்கு எடுப்பது பார்க்கப் பயமாக இருக்கும். இவர் பின்னால் நின்று இரண்டு கையாலும் வா வா என்று காட்டி, றோட்டில் ஏற்றிவிட்டுத்தான் குடிலுக்குத் திரும்புவார்.

என் ஜன்னலிலிருந்து அது தெரியும். வாரத்துக்கு வாரம் என் எரிச்சல் கூடியது. அந்த மனுசி மெலிந்துகொண்டு வந்தார். கண்ணாடியை இறக்கவே நேரம் எடுத்தது. ஒரு கிழவியை வீணாக நம்பவைத்து அலைக்கழிக்கிறார் என்று நினைத்தேன். இரக்கம் என்ற பெயரில் செய்கிற கொடுமை என்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். உனக்கேன் என்றார் அவர். எனக்கேனா? மறுப்புக் கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து.

ஜூலை முடிவில் ஒரு செவ்வாய், அண்ணைக்குக் கண் ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்தது. படலையில் நான் நின்றேன். சிவப்புக் கார் வந்தது. கண்ணாடி இறங்கியது. நான் குனியவில்லை. முடியாது, உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது, இனி ஒருநாளும் முடியாது, தயவுசெய்து வீணாக அலையாதீர்கள் என்று சொன்னேன். நல்ல ஜெர்மன், பிழையே இல்லை. சொல்லி முடித்தபோது மனம் சுத்தமானது போல இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

அவர் அண்ணையின் குடில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தொடக்கத்திலிருந்தே தெரியும். எங்கள் நாட்டில் வந்தவரிடம் இல்லை என்று சொல்வதில்லை. அது ஒரு மரியாதை."

"ஓ, மரியாதை" என்றார். கண்ணாடியை ஏற்றினார்.

பின்னுக்கு எடுக்க நான் கை காட்டவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. காரின் பின்பக்கம் படலைத் தூணில் உரசியது. அவர் நிறுத்தாமல் போய்விட்டார். தூணில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு இருந்தது.

அடுத்த வாரம் அண்ணை ஒரு கண்ணில் மூடியோடு வந்தார்.

"செவ்வாய்க்கிழமை மனுசி வந்தவவோ?"

"வந்தவ."

"என்ன சொன்னனீர்?"

"நீங்கள் சொல்லுறதைத்தான் அண்ணை."

ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. முடியாது என்பதை முடியாது என்று சொல்லத் தெரிந்தவள் நான். அவருக்கு முன்னால் மட்டும் வாய் வரவில்லை. மூன்று செவ்வாய் போனது. ஒவ்வொரு செவ்வாயும் பின்னேரம் அவர் றோட்டுக்கு ஏறி நின்று பார்ப்பார். பிறகு வந்து தூணிலுள்ள சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காவது வாரம் பறவை ஆராய்ச்சிக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்களுக்குச் சொந்தமாக வாகன அனுமதி உண்டு. கொண்டலாத்தி குஞ்சு பொரித்துப் பறந்தபிறகு, செப்டெம்பரில் கூட்டுப் பெட்டிகளைச் சுத்தம் செய்ய உள்ளே போவார்கள். குளிர்கால முடிவில் தாங்கள் பெற்ற வேண்டுகோளின்படி, அந்தப் பயணத்தில் ஒரு துணையாளுக்கு இருக்கை ஒதுக்கியிருப்பதாகவும், அதற்குப் பூங்காப் பொறுப்பாளர் சம்மதித்துவிட்டதாகவும், நாள் ஒரு செவ்வாய்க்கிழமை என்றும் எழுதியிருந்தார்கள். துணையாளின் பெயர் அந்த மனுசியின் பெயர். வேண்டுகோளின் பிரதியும் கூடவே இருந்தது. அண்ணையின் கோணல் எழுத்து, வரிக்கு இரண்டு பிழை. கூடு கட்டும் காலம் முடியும்வரை இல்லை என்று அவருக்கு அப்போதே சொல்லியிருக்கிறார்கள்.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். அவர் ஒவ்வொரு செவ்வாயும் குனிந்து சொன்னது உண்மை. இன்றைக்கு இல்லை, செப்டெம்பரில். அந்த மனுசியும் அதை அப்படியேதான் எடுத்திருக்கிறார். அவர்கள் இரண்டு பேரும் ஜெர்மனில் பேசியிருக்கிறார்கள். நடுவில் நின்று அதைத் தமிழாக விளங்கிக்கொண்டது நான் ஒருத்திதான்.

கடிதத்தைக் குடிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"பாத்தீரோ பிள்ளை? கிடைச்சிட்டுது."

"அண்ணை, நான் அவவுக்கு முடியாது எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் கடிதத்தை மடித்தார், திரும்ப விரித்தார்.

"எப்ப?"

"உங்கடை கண் ஒப்பரேசன் அண்டைக்கு. ஒருநாளும் முடியாது எண்டு சொன்னனான். நீங்கள் மரியாதைக்குத்தான் அப்பிடிச் சொல்லுறியள் எண்டும் சொன்னனான்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு எதையோ சொல்கிறவர் போலத் தொடங்கினார்.

"நான் வந்த புதிசில இந்த மாவட்டத்தை விட்டு வெளியில போக விடமாட்டினம். போறதெண்டால் காயிதம் வேணும். கொலோனில என்ரை தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. காயிதம் குடுக்கிற கந்தோரில ஒரு மனுசி இருந்தவ. ஒவ்வொரு கிழமையும் போய்க் கேப்பன். ஒவ்வொரு கிழமையும் ஹொய்ட நிஹ்ட் எண்டுவா. நானும் உம்மை மாதிரித்தான் நினைச்சனான், தரமாட்டாள், சும்மா சாட்டுச் சொல்லுறாள் எண்டு. ஏழாம் தரம் போகேக்கை முத்திரை குத்தித் தந்தவ. அப்பதான் விளங்கினது, இவையள் இண்டைக்கு இல்லை எண்டால் இண்டைக்கு மட்டும்தான் இல்லை."

கோப்பிலிருந்து விலாசத்தை எடுத்தேன். அப்படி எடுக்கக்கூடாது, எடுத்தேன். இரண்டு பேரும் என் காரில் போனோம். ஜன்னல் பலகைகள் இறங்கியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா மகளோடு இருக்க வடகடல் பக்கம் போய்விட்டார் என்றார். "ஒருநாள் எங்கேயோ காரை இடித்துவிட்டு வந்து, இனி ஓட்டமாட்டேன் என்று சாவியைத் தானாகவே என்னிடம் தந்தார். கார் இல்லாமல் இந்த ஊரில் எப்படி இருப்பது? மகள் வந்து கூட்டிப்போனாள்."

அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் கேட்டு வாங்கினார்.

குடிலில் இருந்தே எடுத்துப் பேசினார். அம்மாவால் அவ்வளவு தூரம் இருந்து வரமுடியாது, வைத்தியர் விடமாட்டார் என்று மகள் சொல்வது எனக்கும் கேட்டது. சரி என்றார். இடம் அவவுக்குத்தான் வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றார்.

செப்டெம்பரில் அந்தச் செவ்வாய் வந்தது. ஆராய்ச்சிக்காரரின் வாகனம் படலையில் நின்றது. பின் இருக்கை ஒன்று வெறுமையாக இருந்தது. அண்ணை என் அலுவலகத்துக்கு வந்து, "நீர் போம்" என்றார். மாட்டேன் என்றேன். "போய்ப் பாத்து வந்து சொல்லும்" என்றார். அவர் கம்பைத் தூக்க, நான் அந்த இடத்தில் உட்கார்ந்து உள்ளே போனேன்.

பத்து நிமிட ஓட்டம். மணல். அதற்குப் பிறகும் மணல். காற்று, துருப்பிடித்த இரும்புத்துண்டு, இன்னும் அழியாத டாங்கித் தடங்கள், தூரத்தில் பைன் மரம். இவ்வளவு காலம் அத்தனை வாகனத்தையும் மறித்த இடம் அது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒன்றுமே இல்லை என்பதைப் பார்க்கத்தான் அந்த மனுசி அத்தனை செவ்வாய் வந்திருக்கிறார். அதை அவருடைய கண்ணால் பார்த்திருந்தால், அலமாரிக் கோப்பைகள் ஏன் அதிர்ந்தன என்ற கேள்வியாவது ஓய்ந்திருக்கும்.

திரும்பி வந்ததும் அவர் கேட்டார். "என்ன இருக்கு?"

"மணல்தான் அண்ணை."

"ம்" என்றுவிட்டுக் கம்பை இறக்கினார். வடகடலுக்குத் தொலைபேசி எடுத்து அதைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. அந்த இடத்துக்குக் கமெரா வைத்த தானியங்கிக் கம்பு வந்துவிட்டது. வாகன இலக்கத்தைப் படித்து, பட்டியலில் இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் 'அனுமதி இல்லை' என்று காட்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். முறைப்பாட்டுக் கடிதம் இப்போது ஒன்றும் வருவதில்லை, பொறுப்பாளருக்குச் சந்தோஷம். பழைய தூணைப் பிடுங்கவேண்டாம் என்று நான் ஒரு சாட்டுச் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு மங்கிவிட்டது, ஆனால் தேடினால் தெரியும்.

அவருடைய கடைசி நாள் பின்னேரம் குடிலை வெறுமையாக்க உதவினேன். ரப்பர் சப்பாத்தைப் பையில் வைத்தார். பிளாஸ்கை மஃப்ளரில் சுற்றி வைத்தார். ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அண்ணை, என்னில கோவமோ?"

பையின் வாயை இழுத்து மூடி, கம்புக்கு அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"இண்டைக்கு இல்லை" என்றார்.

தமிழில்தான் சொன்னார். எந்த மொழியின் கருத்தில் சொன்னார் என்று எனக்கு இன்னமும் தெரியாது.